இரண்டாவது தட்டு, இடப்பக்கம்

குடிக்காதவன் என்பதாலேயே எனக்கு அந்த வேலை கிடைத்தது. மன்னார் நகரில், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். எங்கள் நாட்டில் எல்லா மதுக்கடைக்கும் பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும், உள்ளே வைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓடுவது சாராயமும் பியரும். கடையின் முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி. போத்தல் போகிற அளவுக்கு நடுவில் ஒரு சதுரம். திருக்கேதீஸ்வரத்துக்கு அங்கால் உள்ள எங்கள் வயல் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி வீதியைக் கடந்து வந்து, அந்தச் சதுரத்துக்கு உள்பக்கம் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம், தெருக் கழுதைகள்கூட நிழல் தேடி ஒதுங்கிவிட்ட வெயிலில், அந்தச் சதுரத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தோடு வெட்டிய நரைத்த முடி, கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடி, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கையில் சுருக்கிய குடை.

“அந்த மேல் தட்டிலை இருக்கிற சிவப்பு வைனைக் கொஞ்சம் காட்டுங்கோ தம்பி.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அதை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு அதுவரை வந்ததில்லை.

“பொம்பிளையளுக்குத் தரேலாது அக்கா. ஆம்பிளை ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“தெரியும். நான் வேண்ட வரேல்லை, பாக்க வந்தனான். பாக்கிறதுக்குச் சட்டம் இல்லைத்தானே.”

போத்தலை நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைக் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு மற்ற வகைகளையும் கேட்டு வாங்கி அதேபோல வாசித்தார்.

“முன்பக்கத்திலை தாங்கள் சொல்ல விரும்பிறதை எழுதுவினம். சொல்லியே ஆகவேண்டியதைப் பின்பக்கத்திலை சின்னனா எழுதுவினம்” என்றார். விலை கூடிய போத்தலை முதலில் திருப்பித் தந்தார். “இது உங்கட முதலாளிக்கு நல்லது.” விலை குறைந்ததைக் காட்டி, “இது சனத்துக்கு நல்லது. நல்ல சாமான். இதையேன் காலடியிலை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டார். அதன்பிறகு தெருவோரம் நின்ற ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையால் அதையே வாங்குவித்துக்கொண்டு போனார்.

இத்தாலியிலிருந்து திரும்பி வந்து அவர் குடியிருந்த கீரி என்ற ஊரில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் இத்தாலிக்காரி என்றும் சொன்னார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். பெயரை நான் எழுதவில்லை. எழுதினால், “என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கு தம்பி, வைனைப் பற்றி எழுதுங்கோ” என்பார்.

இத்தாலி வைன் எங்கள் கடைக்கு வந்ததற்குக் காரணம் மடு மாதா கோயில் திருவிழாவும் நத்தார் என்கிற கிறிஸ்மஸும். அந்த இரண்டு காலத்திலும் இத்தாலியில் இருக்கிற எங்கள் கரையோரத்துச் சனம் விடுமுறையில் வரும். வந்தவர்கள் கேட்டுக் கேட்டு, முதலாளி கொழும்பிலிருந்து நாலைந்து வகை எடுப்பித்தார். எது என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விலை கூடியது கண்மட்டத்தில், குறைந்தது கீழே. அவ்வளவுதான் எங்கள் அறிவு.

அக்காவின் அறிவு பலெர்மோவில் வந்தது. சிசிலித் தீவின் பெரிய நகரம். அங்கே ஒரு சின்ன வைன் கடையில் கிளாஸ் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவர், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு வைன் தெரிவு செய்து கொடுக்கிறவராக இருந்தார். இடையில் கடைக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பத்து மணிக்குக் கடையைத் திறந்தவர் அக்காதான்.

“அந்த மனிசன் வாற சனத்திட்டை விலை கேக்கமாட்டார். எவ்வளவுக்குள்ளை வேணும் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. இண்டைக்கு வீட்டிலை என்ன சமையல் எண்டுதான் கேப்பார்.”

அக்காவும் அதையேதான் கேட்டார். கிழமையில் இரண்டு நாளாவது மத்தியானம் இரண்டு மணிக்கு, கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது வருவார். பக்கக் கதவால் உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரை கொடுப்பேன். கம்பிக்கு வெளியே ஆர் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “இண்டைக்கு என்ன கறி?” காற்போத்தல் சாராயத்துக்கு வந்தவர்கள் திகைத்துப்போய், “கணவாய் அக்கா” என்றோ “கறி இல்லை அக்கா, சம்பல்தான்” என்றோ பதில் சொல்லுவார்கள். சாராயம் வாங்குகிறவர்களுக்கு அவர் உபதேசம் ஒன்றும் செய்ததில்லை. கறியைக் கேட்டுத் தலையாட்டுவார். வைன் என்று எவராவது சொன்னால் மட்டும் கதிரையை விட்டு எழும்புவார்.

“கணவாய்க்கும் நண்டுக்கும் கிரில்லோ. வெள்ளை. உப்பளத்துக்குப் பக்கத்திலை விளையிற திராட்சை. அங்கையும் இஞ்சைபோல உப்பளம் இருக்கு தம்பி, உப்புக் காத்துத்தான். பாரை மீன் பொரிச்சா அதைவிடப் பொருத்தம் வேறை இல்லை. ஆட்டிறைச்சிக்கு நேரோ தாவொலா. கறுப்புச் சிவப்பு. எங்கட உறைப்புக்குக் கொஞ்சம் குளிர வைச்சுக் குடுங்கோ. இரண்டும் அங்கை ஏழையள் குடிக்கிறது. அதாலைதான் நல்லாயிருக்கு. கெட்டதைக் குடுத்தா ஏழையள் இரண்டாந்தரம் வேண்ட மாட்டினம்.”

கொஞ்ச நாளில், அவர் வராத நாட்களிலும் சனம் அவரைத் தேடி வர ஆரம்பித்தது. அப்போதுதான் துண்டுகள் தொடங்கின. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் அவரைப் பிடித்து ஆலோசனை கேட்பார்கள். கைப்பையில் இருக்கிற கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுப்பார். திங்கட்கிழமை அந்தத் துண்டு கம்பிச் சதுரத்துக்குள்ளால் என்னிடம் வரும். ‘நண்டு. ஆறு பேர். இரண்டாவது தட்டு, இடப்பக்கம். இரண்டு போத்தல் காணும்.’ மருந்துக் கடையில் டொக்டரின் துண்டை நீட்டுகிற பணிவோடு நீட்டுவார்கள். அவர் சொல்லித்தான் அந்த விலை குறைந்த வைன்களைக் காலடியிலிருந்து இரண்டாவது தட்டுக்கு ஏற்றியிருந்தேன். எங்கள் கடையில் ஒரு போத்தலைக்கூடத் தன் கையால் வாங்க உரிமை இல்லாத ஒரு பெண், அந்தக் கடையில் எது எங்கே இருக்கவேண்டும், ஆர் எதை வாங்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தார்.

எல்லோரும் கேட்டு நடந்தார்கள் என்று சொல்லமாட்டேன். மிலானிலிருந்து வந்த ஓர் இளைஞன், கழுத்தில் கனத்த சங்கிலி, முதன்முதலாக மாமன் வீட்டுக்குப் போகிறான், உள்ளதில் விலை கூடியதைத் தரச்சொன்னான். அக்கா வழக்கம்போலக் கறியைக் கேட்டு, இரண்டாவது தட்டைக் காட்டினார்.

“நான் விலை கேக்கேல்லை அக்கா” என்றான் அவன், கொஞ்சம் சூடாக.

“நானும் விலை சொல்லேல்லையே. கறிக்குத்தான் சொன்னன்.”

அவன் விலை கூடியதையே வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாளில் திரும்பி வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “மற்றதிலை ரெண்டு தாங்கோ” என்றான். அக்கா அப்போது கதிரையில் இருந்தார். சிரிக்கவில்லை.

வீட்டில் அவர் இராச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பார். ஒளித்து வைத்துக் குடிப்பதில்லை. விறாந்தையில் மேசை போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கத்தான் குடிப்பார். அயல் வீட்டுப் பெண் ஒருநாள் வேலியடியில் வந்து நின்று, “ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது அக்கா, பொம்பிளை குடிக்கிறா எண்டு” என்றாளாம்.

“ஓம், குடிக்கிறன். ஒரு கிளாஸ். உங்கட மனிசன் எத்தினை கிளாஸ்?”

அவள் வேலியை விட்டுப் போய்விட்டாள். இதை எனக்குச் சொன்ன அன்றுதான் தன் கணவரைப் பற்றியும் சொன்னார். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. “நல்ல மனிசன். சாராயத்தாலை செத்தவர். நான் முதல் கிளாஸை வாயிலை வைக்க ஏழு வருசம் எடுத்தது. அந்தக் கடைக்காரர் ஒருநாளும் வற்புறுத்தேல்லை. கழுவத்தான் தந்தவர்.”

ஒரு தைப்பொங்கல் காலத்தில் அரசாங்கம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது, இனிப் பெண்களும் மது வாங்கலாம் என்று. அடுத்த நாள் பின்னேரம் ஐந்தரைக்கு, கம்பிக்கு முன்னால் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து அக்கா வந்தார். இரண்டு மணிக்கு வந்திருக்கலாம். பக்கக் கதவால் வந்திருக்கலாம். வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டபோதும் தன் முறை வரும்வரை நின்றார். ஒரு கிரில்லோ கேட்டார். காசைத் தந்தார். “பில் போட்டுத் தாங்கோ தம்பி” என்றார். பில்லைக் கண்ணாடி போட்டு வாசித்து, மடித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். சில நாளில் அரசாங்கம் மனம் மாறிப் பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பழையபடி கதிரையில் வந்து உட்கார்ந்து துண்டு எழுதினார்.

இப்போது அவர் இங்கே இல்லை. அங்கேயே தங்கிவிட்ட மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க, பார்த்துக்கொள்ளத் திரும்பப் பலெர்மோவுக்குப் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது துண்டும் பில்லும் அல்ல. அந்த ஆவணி மாதக் கல்யாணம். அதில் அவர் என் வேலையைப் பறித்தார். அப்படித்தான் நான் அன்றைக்குச் சொன்னேன்.

கொழும்பு விற்பனைக்காரர் ஒருவரின் பேச்சில் மயங்கி, முதலாளி ஆறு பெட்டி பரோலோ எடுத்திருந்தார். இத்தாலியின் வடக்கில் செய்கிற, பெயர்போன, விலை கூடிய சிவப்பு வைன். ஒரு வருடமாக ஒரு போத்தலும் போகவில்லை. அதைக் குளிர் அறையில் வைக்கச்சொல்லித்தான் முதலாளி எனக்குச் சொல்லியிருந்தார். நத்தாருக்குப் பியர் நிறைய வந்து இறங்கியபோது இடம் போதவில்லை என்று நான் அந்தப் பெட்டிகளைப் பின்னால் தகரக் கூரை போட்ட ஸ்டோருக்கு மாற்றினேன். நத்தார் முடிந்ததும் திரும்ப எடுத்து வைக்க நினைத்தேன். தை போனது, பங்குனி போனது, சித்திரை வெயில் முழுக்கத் தகரத்தில் இறங்கியது. நான் மறந்தேபோனேன்.

ஆடி மாதம், சொந்தமாகப் பல படகு வைத்திருந்த ஒரு சம்மாட்டி தன் மகளின் கல்யாணத்துக்கு அந்த ஆறு பெட்டியையும் கேட்டு வந்தார். மாப்பிள்ளை பலெர்மோவில் ஒரு பாண் பேக்கரியில் வேலை. மாப்பிள்ளையின் முதலாளி, இத்தாலிக்காரர், மனைவியோடு கல்யாணத்துக்கு வருகிறார். அவர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்பது சம்மாட்டியின் நினைப்பு. எங்கள் முதலாளிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

சம்மாட்டி எதற்கும் ஒருமுறை அக்காவிடம் காட்டவேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முதலாளியும் வந்திருந்தார். நான் ஒரு போத்தலைத் துடைத்து மேசையில் வைத்தேன். அக்கா வழக்கம்போலப் பின்பக்கத்தை வாசித்தார். பிறகு பெருவிரலால் மூடியின் மேல்பக்கத்தைத் தடவினார். தடவிய விரல் அங்கேயே நின்றது.

“தக்கை மேலை தள்ளியிருக்கு. திறவுங்கோ.”

திறந்து ஊற்றினேன். கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தார். சிவப்பு என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறம். மணந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கிளாஸை மேசையில் வைத்துவிட்டார்.

“அவிஞ்சு போச்சு” என்றார்.

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். “கப்பலிலை வரேக்கையே பழுதாப் போயிருக்குமோ? அவங்கட பிழையாத்தான் இருக்கவேணும்.”

அது எனக்குத் தற்செயலாகத் திறந்த கதவு. அக்கா “இருக்கலாம்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி கொழும்புக்குப் போய்விடும், பெட்டியும் ஒருவேளை திரும்பிப் போய்விடும். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிழமைக்கு இரண்டு நாள் கதிரை போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவன் நான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “இது எங்கை வைச்சிருந்தது தம்பி?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கண் தானாகப் பின்கதவுப் பக்கம் போனது. அவர் எழும்பிப் பின்கதவைத் திறந்து ஸ்டோருக்குள் போனார். தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

“கப்பலிலை இல்லை அண்ணை. இஞ்சைதான். தகரத்துக்குக் கீழை வெயில் அவிச்சுப்போட்டுது.”

முதலாளியின் முகம் கறுத்தது. “உமக்கு நான் எங்கை வைக்கச் சொன்னனான்? எங்கை வைச்சனீர்?”

அன்று மத்தியானத்துக்குள் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நான் வெளியேறும்போது அக்கா சம்மாட்டியிடம், “கவலைப்படாதேங்கோ, மதியச் சாப்பாட்டுக்கு என்ன கறி எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வயல் அந்த வருடம் சரியில்லை. நாலு நாள் ஆரோடும் பேசாமல் கிடந்தேன். மனைவிக்கு நடந்ததைச் சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அவ பொய் சொல்லியிருந்தா நீங்கள் வேலையிலை இருந்திருப்பியள். அந்தச் சனம் கல்யாணத்திலை கெட்டதைக் குடிச்சிருக்கும்.”

“குடிச்சாலும் செத்திருக்காதுகள்.”

“சாகாது. ஆனா நீங்கள் குடுத்திருப்பியளோ, தெரிஞ்சுகொண்டு?”

கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்தார். வயல் வரம்பால் குடை பிடித்துக்கொண்டு வருவதைத் தூரத்திலேயே கண்டேன். எழும்பி உள்ளே போகலாம் என்று நினைத்தேன். மனைவி அதற்குள் கதிரை போட்டுவிட்டாள்.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

“கோவமாத்தான் இருப்பியள். இருங்கோ. நான் ஒரு வேலை சொல்ல வந்தனான். கல்யாணத்துக்குக் கிரில்லோவும் நேரோ தாவொலாவும் கொழும்பிலை இருந்து வருது. பந்தலிலை குளிர்ப்பெட்டி இல்லை. மத்தியானச் சாப்பாடு. ஆரும் கவனமா நிண்டு குளிர வைச்சு ஊத்தவேணும். சம்மாட்டியிட்டை உங்கட பெயரைச் சொல்லிப்போட்டன்.”

“என்னை ஏன் சொன்னீங்கள்? பழுதாக்கினவன் நான்தானே.”

“ஓம். நீங்கள்தான்.”

எனக்குச் சுரீரென்றது. “ஒரு சொல் மாறிச் சொல்லியிருக்கலாம் அக்கா. உங்களுக்கு ஒண்டும் குறைஞ்சிருக்காது.”

மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். “குறைஞ்சிருக்கும் தம்பி. எனக்கு வீடு, காணி, படிப்பு ஒண்டும் பெரிசா இல்லை. நான் நல்லது எண்டா நல்லது, கெட்டது எண்டா கெட்டது எண்டு நாலு சனம் நம்புது. அவ்வளவுதான் இருக்கு. அதிலை உங்களுக்கெண்டு ஒரு துண்டு வெட்டித் தந்தா, மிச்சம் பழுதாப்போம்.” குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். “சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு வாங்கோ. ஐஸ் வேளைக்கு எடுக்கவேணும்.”

நான் போகமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

கடற்கரையோரம் பெரிய பந்தல். சம்மாட்டியின் ஆட்கள் படகில் மீன் போடுகிற பைபர் பெட்டிகள் ஆறு கொண்டுவந்து, பலமுறை கழுவி வைத்திருந்தார்கள். ஐஸ் ஆலையிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வந்தது. அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் உடைத்து அடுக்கினேன். வெள்ளையைக் கழுத்துவரை ஐஸுக்குள் புதைக்க வேண்டும். சிவப்பை அரை மணித்தியாலம் மட்டும், மேலே சாக்குப் போட்டு. பூசை முடிந்து சனம் வருவதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. பெட்டிகளை நிழல் நகர நகர நானும் நகர்த்திக்கொண்டேயிருந்தேன். ஒரு பெட்டியின் மேலும் வெயில் படவில்லை.

இத்தாலிக்காரர் மெலிந்த, கன்னம் சிவந்த கிழவர். மீன் பொரியலும் நண்டும் வந்தபோது அவருக்கு நானே வெள்ளையை ஊற்றினேன். சம்மாட்டி பக்கத்திலேயே நின்றார். எங்கள் முதலாளி எதிர் மேசையில், கையில் கோப்பையோடு. கிழவர் ஒரு வாய் குடித்தார். மறுபடி குடித்தார். போத்தலைத் தொட்டுப் பார்த்தார். அக்காவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றார் சம்மாட்டி.

“வீட்டிலை தான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறது இதுதானாம்.”

சம்மாட்டியின் முகம் சுருங்கிவிட்டது. பந்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பொறுங்கோ, முடிக்கேல்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்து, இந்த வெக்கைக்குள்ளை, தன்ரை வீட்டு வைனை இப்பிடிச் சரியான குளிரிலை தனக்கு ஆரும் தருவினம் எண்டு நினைக்கேல்லையாம். இந்த மீனுக்கு இதைத்தான் குடுக்கவேணும் எண்டு ஆருக்குத் தெரிஞ்சது எண்டு கேக்கிறார். குளிர வைச்சது ஆர் எண்டும் கேக்கிறார்.” கொஞ்சம் நிறுத்தினார். “போத்தலிலை கொஞ்சம் மீன் மணக்குதாம்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. சம்மாட்டியும் சிரித்தார். கிழவர் காரணம் விளங்காமலே சிரித்துக்கொண்டு கிளாஸை மறுபடி நீட்டினார். அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்காவால் அது முடியாது. அதைக் கேட்ட அந்த நொடியில்தான் என் கோபம் போனது. எனக்கென்று தனியாக அவர் அன்றைக்குக் கொடுமை ஒன்றும் செய்யவில்லை. எல்லோருக்கும் செய்வதைத்தான் எனக்கும் செய்தார்.

சாப்பாடு முடிகிற நேரம் முதலாளி பெட்டிகளுக்குப் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல் ஐஸைப் பார்த்தார். அக்கா ஒரு கதிரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார்.

“அண்ணை, இவரின்ரை இடத்துக்கு ஆரை எடுக்கப் போறியள்?”

“மருமகன் ஒருத்தர் இருக்கிறார்.”

“அவருக்குத் தெரியுமோ, தகரத்துக்குக் கீழை வைக்கக்கூடாதெண்டு?”

“சொல்லிக் குடுக்கலாம்தானே.”

“இவருக்கும் நீங்கள் சொன்னனீங்கள்.”

முதலாளி ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“சொல்லிக் கேக்காதவர்தான். ஆனா இப்ப பட்டு அறிஞ்சுபோட்டார். இனி உயிர் போனாலும் வெயிலிலை வைக்கமாட்டார். காலமையிலை இருந்து பாக்கிறன், நிழலோடை நிழலாப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரியிறார். உங்கட மருமகன் இன்னும் படேல்லை. அவர் படுறதுக்கு நீங்கள் இன்னொரு ஆறு பெட்டி எடுக்கவேணும்.”

முதலாளி மூடியைத் திரும்பப் போட்டார். “திங்கட்கிழமை வாரும்” என்றார் என்னிடம். போய்விட்டார்.

நான் அக்காவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார்.

“உங்களுக்காகக் கதைக்கேல்லை தம்பி. உள்ளதைச் சொன்னன்.”

“தெரியும் அக்கா” என்றேன்.

யாரோ மேசையிலிருந்து வெள்ளை முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள். முடியவில்லை. நான் பெட்டியைத் திறந்து, முழங்கைவரை ஐஸுக்குள் கையை விட்டு, அடுத்த போத்தலை எடுத்தேன்.